ஆப்ஷன் 150-இல் இரண்டாவது முகவரி: பேக்கப் கால் சர்வரா, வெறும் டிஎஃப்டிபியா?

மூன்றாமடுக்கு:
ஐபி ஃபோன்களுக்கான (வலையமைப்பு வழியே பேசும் தொலைபேசிகளுக்கான) வழிகாட்டி என்று பழையசுவிட்ச் எழுதியிருப்பதில் ஒரு வரி: “டிஹெச்சிபி ஸ்கோப்பில் ஆப்ஷன் 150-க்கு இரண்டு முகவரிகளைக் கொடுத்துவிட்டால், முதல் கால் சர்வர் விழுந்தாலும் ஃபோன்கள் தாமாகவே இரண்டாவதற்குப் போய்விடும்.” இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. டிஹெச்சிபி என்பது கருவிகளுக்கு ஐபி முகவரியையும், எண்ணிட்ட ஆப்ஷன்களாக மற்ற அமைப்புகளையும் கொடுக்கும் சேவை; கால் சர்வர் என்பது ஃபோன்கள் பதிவாகி, அழைப்புகளை நடத்தித்தரும் சர்வர். ஆப்ஷன் 150 என்பது கோப்புகளைக் கொடுக்கும் டிஎஃப்டிபி சர்வர்களின் முகவரிப் பட்டியல். 2010-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5859 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது. சிஸ்கோ ஃபோன் அந்த முகவரிக்குப் போய்த் தன் மேக் முகவரியை (வன்பொருள் எண்ணை)ப் பெயரில் தாங்கிய கான்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்புக் கோப்பை, எடுத்துக்கொள்கிறது. எந்தக் கால் சர்வரில் முதலில் பதிவாக வேண்டும், அது விழுந்தால் அடுத்தது எது, மூன்றாவது எது என்பதெல்லாம் அந்தக் கோப்புக்குள்தான் வரிசையாக இருக்கிறது. டிஹெச்சிபிக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

பழையசுவிட்ச்:
ஆர்எஃப்சி எண்ணைச் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் பராமரிக்கும் அமைப்பில் 150-இல் இரண்டு முகவரிகள் இருக்கின்றன. முதல் சர்வரை நிறுத்தினோம். ஃபோன்கள் இரண்டாவதில் பதிவாகின. கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மூன்றாமடுக்கு:
நீங்கள் கண்டது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. உங்கள் இரண்டு சர்வர்களிலும் டிஎஃப்டிபியும் கால் பிராசஸிங்கும் சேர்ந்தே ஓடுகின்றன. அதனால் 150-இல் எழுதிய முகவரியும் கான்ஃபிக் கோப்பில் உள்ள முகவரியும் ஒன்றாகிவிட்டன. ஃபோன் எதைப் பார்த்துத் தாவியது என்பது உங்களுக்குத் தெரியவில்லை. பிரித்துப் பாருங்கள். 150-இல் இரண்டாவது முகவரியை அழித்து, ஃபோன்களை ஒருமுறை ரீபூட் செய்து, பிறகு முதல் சர்வரை நிறுத்துங்கள். ஃபோன்கள் அப்போதும் தாவும். அடுத்து, 150-இல் இரண்டையும் வைத்துக்கொண்டு, கால் மேனேஜர் குரூப்பில் (கான்ஃபிக் கோப்புக்குப் போகும் கால் சர்வர் வரிசையில்) ஒரே ஒரு சர்வரை மட்டும் விட்டு, அதை நிறுத்துங்கள். ஃபோன்கள் பதிவில்லாமல் நிற்கும். 150-இன் இரண்டாவது முகவரி பயன்படுவது முதல் டிஎஃப்டிபி பதில் சொல்லாதபோது, அதுவும் கோப்பை எடுப்பதற்கு மட்டும்.

கம்பிவலை:
இருவருமே உலகில் ஒரே நிறுவனம்தான் ஃபோன் செய்கிறது என்பதுபோல் பேசுகிறீர்கள். அவயா ஃபோன்களுக்கு ஆப்ஷன் 242 என்று ஒன்று உண்டு. அதில் எம்சிஐபிஏடிடி என்ற பெயருக்கு எதிரே கால் சர்வர் முகவரிகளைக் காற்புள்ளியிட்டு நேரடியாகவே எழுதலாம். ஆர்எஃப்சி 3361-இன் ஆப்ஷன் 120-உம் சிப் (அழைப்பு நெறிமுறை) சர்வர்களின் பட்டியல்தான். அது 2002-லேயே வந்துவிட்டது. ஆகவே டிஹெச்சிபிக்கு எந்த வேலையும் இல்லை என்று முழங்குவது சரியல்ல.

பழையசுவிட்ச்:
கேட்டுக்கொள்ளுங்கள். டிஹெச்சிபி வழியாகவே பேக்கப் கால் சர்வரைக் கொடுக்கலாம் என்று இவரும் சொல்கிறார். நான் சொன்னதும் அதுவே.

மூன்றாமடுக்கு:
நீங்கள் சொன்னது அதுவல்ல. நீங்கள் எழுதிய எண் 150. அவர் சொன்னவை 242-உம் 120-உம். கம்பிவலைக்கும் ஒரு சொல்: பேச்சு 150-ஐப் பற்றியது, அதில் டிஎஃப்டிபி மட்டும்தான்.

புதுப்போர்ட்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த வழிகாட்டியைப் பார்த்துத்தான் விண்டோஸ் டிஹெச்சிபியில் 150-ஐ உருவாக்கினேன். ஃபோன் திரையில் டிஎஃப்டிபி சர்வர் 49.48.46.49 என்று காட்டுகிறது. எங்கள் வலையமைப்பில் அப்படி ஒரு முகவரியே கிடையாது.

மூன்றாமடுக்கு:
வழிகாட்டியின் அடுத்த சாதனை இது. ஆப்ஷனை உருவாக்கும்போது டேட்டா டைப்பை ஐபி அட்ரஸ் என்றும், அரே (பட்டியல்) என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழையசுவிட்ச் ஸ்ட்ரிங் (எழுத்துத்தொடர்) என்று எழுதியிருக்கிறார். 10.10.20.11, 10.10.20.12 என்ற இரு முகவரிகளும் சரியாகப் போனால் பேக்கெட்டில் 150, அடுத்து நீளம் 8, அடுத்து எட்டு பைட்டுகள் இருக்கும். ஸ்ட்ரிங்காக எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு பைட்டாகிறது: ‘1’ என்ற எழுத்து 49, ‘0’ 48, புள்ளி 46, மறுபடியும் ‘1’ 49. காற்புள்ளியோடு நீளம் 23. அது நான்கால் வகுபடவே வகுபடாது. ஃபோன் முதல் நான்கு பைட்டுகளை முகவரியென்று நம்பித் தேடிக்கொண்டிருக்கிறது. பேக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இந்த வழிகாட்டியே வந்திருக்காது.

பழையசுவிட்ச்:
ஸ்ட்ரிங் என்பது தட்டச்சுப் பிழை. அதைப் பிடித்துக்கொண்டு மூல விஷயத்திலிருந்து நழுவப் பார்க்கிறீர்கள். சென்ற முறை விஎல்ஏஎன் பற்றிய விவாதத்திலும் இதே உத்தியைத்தான் கையாண்டீர்கள். அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. 150-இல் இரண்டு முகவரிகள் இருந்தன; ஃபோன்கள் தாவின.

கம்பிவலை:
150-ஐ விட்டுவிட்டு 66-ஐப் பயன்படுத்தினால் இந்தச் சண்டையே இல்லை. அதில் ஒரு பெயரைக் கொடுத்து, பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு இரண்டு முகவரிகளை வைத்துவிட்டால் போதுமே.

மூன்றாமடுக்கு:
ஃபோன் தன் முதல் கோப்பை எடுக்க டிஎன்எஸ்ஸையும் நம்பியிருக்க வேண்டும் என்கிறீர்கள்; விழக்கூடிய இடம் இன்னும் ஒன்று கூடுகிறது. அப்படியே செய்தாலும் 66 டிஎஃப்டிபியின் பெயர்தான், கால் சர்வரின் பெயரல்ல. எண்ணை மாற்றிக்கொண்டே போகிறீர்கள், தவறு அதே தவறாக இருக்கிறது.

புதுப்போர்ட்:
டேட்டா டைப்பை மாற்றிவிட்டேன். ஃபோன் இன்னும் பழைய முகவரியையே காட்டுகிறது.

கம்பிவலை:
லீஸில் (டிஹெச்சிபி முகவரியைக் கொடுத்திருக்கும் கெடுவில்) பாதிக் காலம் கழிந்தால்தான் ஃபோன் புதுப்பிக்கக் கேட்கும். காத்திருங்கள்.

மூன்றாமடுக்கு:
காத்திருக்க வேண்டாம், ரீபூட் செய்யுங்கள். எட்டு நாள் லீஸ் என்றால் நான்கு நாள் ஒருவரை உட்கார வைப்பீர்களா? புதுப்பித்தாலும் புதிய ஆப்ஷனை உடனே எடுத்துக்கொள்ளாத ஃபோன்களும் உண்டு.

கம்பிவலை:
நான் சொன்னது நெறிமுறைப்படி சரியானது. எல்லாவற்றையும் தாங்களே திருத்த வேண்டும் என்ற ஆசை உங்களை விடவில்லை.

பழையசுவிட்ச்:
அந்த வரியை நான் மாற்றப்போவதில்லை. என் அமைப்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாமடுக்கு:
ஓடுவது கான்ஃபிக் கோப்பின் புண்ணியத்தால். உங்கள் கால் மேனேஜர் குரூப்பில் எத்தனை சர்வர்கள் இருக்கின்றன? ஒன்றா, இரண்டா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பழையசுவிட்ச்:
விஎல்ஏஎன் கேள்விக்கு முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்.