புளியமரத்து கொக்கும் மிளகா மாமாவும்

குரூப்: சூலூர்பேட்டை சொந்தங்கள்

பெரியமாமா: எல்லாரும் கேளுங்க, கோடவுன் வாசல்ல நிக்கிற புளியமரத்த வெட்ட ஆள் சொல்லிட்டேன், பொங்கலுக்கு அப்புறம்னு இருந்தேன் ஆனா இனி தாங்காது, இன்னிக்கே

பெரியமாமா: காலைல வந்து பாத்தா இருபது மூட்டை தேஜா மிளகா மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கொக்கு எச்சம். குண்டூர்லேர்ந்து எறக்கி ரெண்டு நாள் ஆவல, இனி வெளுத்துப்போன தாலு காய் வெலைக்கு கூட எவனும் கேக்க மாட்டான்

கார்த்தி: மாமா காரும் வெள்ளையாயிடுச்சாமே 😂

பெரியமாமா: சிரி டா சிரி, நீ வந்து கழுவு

வனஜா சித்தி: அண்ணா அதுல குஞ்சு இருக்குதே, போன வாரம் நான் வந்தப்ப கிளை கிளையா கத்திட்டு இருந்துச்சு

பெரியமாமா: கத்துது, நாறுது, மீன கீழ போடுது. கூலியாளுங்க எல்லாம் தெலுங்குல கொங்கலு கொங்கலுன்னு கொக்க அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறானுங்க, மூட்டை யார் தூக்குறது

நித்யா: மாமா அது சின்ன வெள்ளைக்கொக்கு. கால பாருங்க, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள், சாக்ஸ் போட்ட மாதிரி. அமெரிக்கால இதுக்கு பங்காளி மாதிரி ஒரு கொக்கு இருக்கு, அதுக்கும் இதே மஞ்ச பாதம். லூசியானா பக்கம் அது அழியப் போன நேரத்துல காப்பாத்துனது யாருன்னு நெனைக்கிறீங்க, உங்கள மாதிரி ஒரு மிளகா யாவாரிதான்

பெரியமாமா: யாரும்மா அது

நித்யா: டபாஸ்கோ மிளகா சாஸ் கம்பெனிக்காரர் மாமா. எட்வர்ட் ஏவரி மெக்கில்ஹென்னி. அவங்கப்பா 1868ல ஆரம்பிச்ச கம்பெனி, இவரு 1898லேர்ந்து சாகுற வரைக்கும், 1949 வரைக்கும், அதோட தலைவர்

கார்த்தி: அந்த குட்டி பாட்டில் சாஸா??

பெரியமாமா: அது என்ன காய், காஞ்சதா பச்சையா

நித்யா: பழுத்த காய் மாமா. பறிக்கிறவங்க கையில செவப்பு பெயிண்ட் அடிச்ச சின்ன குச்சி இருக்கும், காய் அந்த கலருக்கு வந்தாதான் பறிக்கணும். அப்புறம் அரைச்சு உப்பு சேத்து ஓக் மர பீப்பாய்ல மூணு வருஷம் வரைக்கும் ஊற வெப்பாங்க, மூடி மேலயும் உப்ப கொட்டி அடைச்சிடுவாங்க

பெரியமாமா: மூணு வருஷமா! மொதல் முடங்கிடுமே

நித்யா: மாமா நான் கொக்கு பத்தி சொல்ல வந்தேன்

வனஜா சித்தி: சொல்லுடி

நித்யா: அந்தக் காலத்துல பொம்பளைங்க தொப்பில கொக்கு இறகு வெக்கிறது ஃபேஷன். இப்ப மரத்துல ஒக்காந்திருக்கிறத பாருங்க, முதுகுலேர்ந்து சல்லாத்துணி நூல் மாதிரி தொங்குதில்ல, அதுதான், குஞ்சு பொரிக்கிற சீசன்ல மட்டும்தான் வரும், அதனால கூட்டுலயே வெச்சு சுடுவாங்க, குஞ்சுங்க பசில சாவும். 1903ல ஒரு அவுன்ஸ் இறகு 32 டாலர், தங்கமே சுமார் இருபது டாலர்தான். நம்ம நாட்டுலேர்ந்தும் கப்பல்ல போச்சு, 1902லதான் ஏத்துமதிய தடுத்தாங்க

பெரியமாமா: தங்கத்த விட ஜாஸ்தியா

நித்யா: ஆமா. அந்த சாஸ்காரரு 1895 வாக்குல எட்டே எட்டு குஞ்ச புடிச்சாந்து, அவங்க ஏவரி ஐலண்டுல குளத்து மேல பெரிய கூண்டு கட்டி வளத்தாரு. பனிக்காலம் வரதுக்கு முன்னாடி தெறந்து விட்டுட்டாரு, கடல் தாண்டி போச்சுங்க, அடுத்த வசந்தத்துல திரும்பி வந்துச்சுங்க, கூட வேற கொக்கையும் கூட்டிட்டு. அப்புறம் கூடு கட்ட தண்ணிக்கு மேல மூங்கில் பரண் போட்டாரு. 1911ல லட்சம் கொக்குன்னு கணக்கு சொன்னாங்க

நித்யா: அதோட நிக்கல, ஆர்க்டிக் பக்கம் பறவை பாக்கப் போனவரு, ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல பறவைக்கு கால்ல வளையம் மாட்டுனவரு, முதலை பத்தி ஒரு புக்கு, இந்த கொக்கு கதைய 1934ல ஒரு புக்கு

பெரியமாமா: அவனுக்கு தீவு இருந்துச்சும்மா. எனக்கு ஒரு புளியமரம், பேங்க் லோன்

கார்த்தி: நான் இப்ப தேடிப் பாத்தேன், அந்த ஆளுதான் நியூட்ரியான்னு ஒரு பெருச்சாளிய கொண்டாந்து விட்டாராம், அது சதுப்பு புல்ல எல்லாம் வேரோட தின்னு நாசம் பண்ணுதாம். நல்ல பறவை காவலர்தான் 😏

நித்யா: மொதல்ல கொண்டாந்தது அவர் இல்லடா, அவருக்கு முன்னாடியே அங்க பண்ணை இருந்துச்சு. ஆனா 1938ல அவரும் வாங்கி வளத்தாரு, வேணும்னே வெளியவும் விட்டாரு, அது தப்புதான். பறவைக்குன்னு பாடுபட்டு காப்பாத்துன அதே சதுப்பு நெலம்

வனஜா சித்தி: எங்க மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல்ல யாருக்கும் கம்பெனியும் இல்ல தீவும் இல்ல. வெள்ளக்கார சிப்பாய்ங்க சுடுறாங்கன்னு ஊர்க்காரங்களே கலெக்டர்கிட்ட போய் 1798ல உத்தரவு வாங்குனாங்க. எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்ணா, நீ என்னமோ அத திட்டுற

பெரியமாமா: என் மிளகாய்க்கு உரம் வேணாம் வனஜா, அது காஞ்சு மூட்டைல கெடக்குது

நித்யா: மாமா இன்னொண்ணு, கூட்டோட மரத்த சாச்சா கேஸாவும், 1972 வனவிலங்கு சட்டத்துல முட்டைய கூட்ட சேதம் பண்றதும் வேட்டைதான்

(மத்தியானம்)

பெரியமாமா: மரம் ஏறுன பையன் எறங்கிட்டான்

கார்த்தி: ஏன் மாமா, நித்யா லெக்சர் கேட்டானா

பெரியமாமா: குஞ்சு அவன் தலை மேல மீன கக்கிடுச்சு. பாதி செரிச்ச மீனு. சட்டைய கழட்டி பைப்ப தெறந்து ஒக்காந்தவன் இன்னும் எழுந்திரிக்கல, கூலி ரெட்டிப்பா குடுத்தாலும் மாட்டேங்கிறான்

வனஜா சித்தி: 😂😂 பயந்தா கக்கும்ணா

பெரியமாமா: பொரிச்சு எத்தன நாள்ல பறக்கும்

நித்யா: ஆறு வாரம் மாமா

பெரியமாமா: ஆறு வாரம்தான், அதுக்கு மேல நான் பொறுப்பில்ல. கார்த்தி, தடாலேர்ந்து வரப்ப முப்பதுக்கு இருபது தார்ப்பாய் ஒண்ணு வாங்கியா, நீலம் வேணாம் வெயில் தாங்காது

கார்த்தி: காசு?

பெரியமாமா: நித்யா, அந்த செவப்பு குச்சி போட்டோ இருந்தா அனுப்பும்மா, மிளகா மார்க்கெட் யார்டுல ஒருத்தன்கிட்ட காட்டணும்