காக்டீல் கிளிக்கு பேச்சு எப்படி வர வைக்கறது?

எல்லாருக்கும் வணக்கம், எங்க வீட்ல ஒரு ஆண் காக்டீல் இருக்கு, பேரு மணி, கொண்டையை தூக்கிட்டு பக்கத்து வீட்டு காலிங் பெல்லை அப்படியே விசில் அடிக்கறான் ஆனா பேச்சு மட்டும் வரல. ஆப்பிரிக்கன் கிரே கிளி மாதிரி பேசும்னு எதிர்பார்க்கல, "வாடா மணி"ன்னு மட்டும் காலைல தினை வைக்கும்போது திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன். விசில் முதல்ல பழகிட்டா பேச்சு வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

அதைவிட பெரிய கவலை, நாங்க வேலைக்கு போனதும் தனியா இருக்கான், இப்போ நெஞ்சு இறகை கடிச்சு பிடுங்க ஆரம்பிச்சிருக்கான், பாக்கவே மனசு கேக்கல. கொட்டாங்குச்சி, தேங்கா நார் எல்லாம் தொங்க விட்டாச்சு, பேப்பரை கிழிக்கறதுதான் அவனுக்கு ரொம்ப பிடிக்குது. வேற என்ன வைக்கலாம்? ஜோடி சேர்த்தா பேச்சே வராம போயிடுமா? கோயம்புத்தூர் பக்கம் பறவைங்களை நல்லா பாக்கற டாக்டர் தெரிஞ்சாலும் சொல்லுங்க ப்ளீஸ்.