பலநாள் படகில் குடிதண்ணீர் மணக்கிறது

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவில் இருந்து எழுதுகிறேன். மச்சான்மாரோடு சேர்ந்து 38 அடி ஃபைபர் பலநாள் படகு ஒன்று வைத்திருக்கிறோம், கட்டி நிறுத்துவது திருகோணமலை கொட்பே துறைமுகத்தில். ஆழ்கடலுக்குப் போனால் மூன்று நான்கு கிழமை கரை இல்லை.

முன்தளத்துக்குக் கீழே 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, படகின் உடலோடு சேர்த்து வார்த்த ஃபைபர். முதல் கிழமை தண்ணீர் நல்லது. இரண்டாம் கிழமை மூடியைத் திறந்தால் கூழ்முட்டை மணம். நிறம் மாறவில்லை, பாசியும் இல்லை. கொதிக்கவைத்து ஆறவிட்டால் கொஞ்சம் குறையும். ஒருவருக்கும் வயிற்றோட்டம் வரவில்லை, ஆனால் தேத்தண்ணியே வாயில் வைக்க முடியாது.

முந்தி புதுக்குடியிருப்புக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோனோம். வன்னித் தண்ணீரில் கல்சியம் கூட, அதுதான் காரணம் என்றார்கள். (கல்சியத்தால் கேத்தலில் வெள்ளை படியும், மணம் எப்படி வரும்?) சரி என்று துறைமுகக் குழாய்த் தண்ணீருக்கு மாறினோம், அதே மணம். தாங்கியை உரசிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஓர் இரவு விட்டு அலசினோம். அடுத்த பயணம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. குழாயும் கைப்பம்பும் புதிது. அதே தண்ணீர் பிளாஸ்டிக் கலன்களில் மணப்பதே இல்லை.

தாங்கிக்குள் தடுப்புகள் இருக்கின்றன, மூடி கை நுழையும் அளவுதான், பின்மூலை எட்டாது. அங்கே மண்டி தங்கியிருக்கலாம் என்று சந்தேகம்.

தாங்கியை வெட்டித் திறந்து, சுத்தம் செய்து உள்ளே எபொக்சி பூசுவதா, அல்லது அதைக் கைவிட்டு பிளாஸ்டிக் தாங்கி வைப்பதா, செய்து பார்த்த ஆக்களுக்கு எது நின்று பிடித்தது?