எடிசன் டு சியாட்டில்: வியாழன் லோடிங், நேற்றுப் போன் செய்து 1,600 டாலர் கூடக் கேட்கிறார்கள்

எடிசன்_புதுசு

வணக்கம். அமெரிக்கா வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நியூஜெர்சியிலிருந்து சியாட்டில் பக்கம் மாறுகிறோம். நெட்டில் தேடிக் கிடைத்த ஒரு மூவர்ஸ் (வீட்டுச் சாமான் ஏற்றிப்போகும்) கம்பெனியிடம் போனிலேயே பேசி 2,900 டாலருக்கு முடித்தேன், 900 டாலர் முன்பணம் ஸெல் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்புவது) வழியாக அனுப்பியும் ஆகிவிட்டது. நேற்று வேறு ஒருவர் கூப்பிட்டு, "உங்கள் சாமான் 350 கன அடியில் அடங்காது, 550 வரும், 4,500 ஆகும். இப்போதே சரி என்று சொல்லாவிட்டால் வியாழன் லாரி வராது, முன்பணமும் திரும்பாது" என்கிறார். மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். முக்கால்வாசி பெட்டி கட்டியாகிவிட்டது, சோறு வடிக்கிற பாத்திரம் எந்தப் பெட்டியில் போனது என்றுகூடத் தெரியவில்லை. கேட்பதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.

மினியாப்பொலிஸ்_மாமா

தம்பி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நான் 2009 ஜனவரியில் மினியாப்பொலிஸ் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது இரண்டு சூட்கேஸ், அதில் ஒன்று முழுக்க அம்மா கட்டிக்கொடுத்த பொடி வகையறா. மெத்தை வாங்கக் காசில்லாமல் கம்பளி மேல் கம்பளி போட்டுத் தரையில் படுத்தோம். பஸ் ஸ்டாப்பில் நின்றால் மூக்குக்குள் முடி உறைந்துபோகும். முதல் நாற்காலி வாங்கியது ஆகஸ்டில்தான், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போகும்போது பத்து டாலருக்குக் கொடுத்தது. அந்த நாற்காலி இன்னும் என் கராஜில் இருக்கிறது. எட்டு மாதத்தில் 550 கன அடி எப்படிச் சேர்த்தீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஓக்ட்ரீ_ரோடு

மாமா, அவர் கேட்டதற்குப் பதில்?

என் கருத்து: எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். சோபா, கட்டில், டைனிங் டேபிள் எதுவும் 4,500 பெறாது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போட்டால் இரண்டே நாளில் போய்விடும். துணி, பாத்திரம், சாமி படம் இவற்றை மட்டும் பெட்டியில் போட்டு ஃபிளைட்டில் எக்ஸ்ட்ரா பேக்கேஜாகக் கொண்டுபோங்கள். புத்தகம் இருந்தால் போஸ்ட் ஆபீஸில் மீடியா மெயில் என்று ஒன்று உண்டு, புத்தகத்துக்கு மிக மலிவு. அதற்குள் துணியைச் செருகாதீர்கள், அவர்கள் திறந்து பார்க்கலாம்.

டல்லாஸ்_கரூர்க்காரன்

விற்காதீர்கள். நான் விற்றேன். 2,200 டாலர் சாமான் 300க்குப் போனது, கட்டிலை வாங்க வந்தவன் வாசலில் நின்றுகொண்டு இன்னும் பத்து டாலர் குறை என்றான். இங்கே வந்து அதையே திரும்ப வாங்க மூவாயிரம் செலவு. வாடகை லாரி எடுத்து நீங்களே ஓட்டிவிடுங்கள். எடிசனிலிருந்து சியாட்டில் ஏறக்குறைய 2,850 மைல், பெரிய லாரி ஒரு காலனுக்குப் பத்து மைல் கொடுத்தாலே பெரிய விஷயம், அதனால் பெட்ரோல் 285 காலனுக்குக் குறையாது என்று கணக்குப் போடுங்கள். அஞ்சு நாள். ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும்.

ஓக்ட்ரீ_ரோடு

மனைவி அழுகிறாள் என்று எழுதுகிறவரை 2,850 மைல் லாரி ஓட்டச் சொல்கிறீர்கள். அதுவும் நவம்பர் மாதக் கடைசியில். வையோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையைக் குளிர்காலத்தில் காற்றுக்கும் பனிக்கும் எத்தனை தடவை மூடுகிறார்கள் என்று தெரியுமா? உயரமான, பாரம் குறைந்த வண்டியைக் காற்று அப்படியே சாய்த்துவிடும். அது தாண்டினாலும் சியாட்டிலுக்கு முன்னால் ஸ்னோக்வால்மி கணவாய் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் வந்தவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்றாவது கேட்டீர்களா?

ஸ்கார்பரோ_மதி

நாங்கள் கனடா, உங்கள் சட்டதிட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் 2016 இல் ரொறன்ரோவில் இருந்து கல்கரிக்கு மாறினபோது பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க ஏலாது. பத்து நாளில் வரும் என்று கதைத்தவை, சாமான் வந்து சேர 23 நாள். போன் எடுத்தால் ஒவ்வொரு நாளும் "வண்டி வெளிக்கிட்டுட்டுது" என்ற ஒரே பதில். வெறும் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு, ஒரு கதிரை இல்லை, குசினியில் ஒரு சட்டியும் இரண்டு கரண்டியும். கடைசியில் வந்தபோது அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்த இடியப்ப உரலைக் காணவில்லை. சோபா உடைந்ததற்குக்கூட நான் அழவில்லை.

டல்லாஸ்_கரூர்க்காரன்

அக்கா, இடியப்ப உரலை எவன் எடுத்து என்ன செய்வான்? எங்கள் ஊர் வீட்டு புரோக்கர் ஒரு மாத வாடகையை கமிஷனாக வாங்குவார், நாங்கள் திட்டுவோம். ஆனால் அவர் வீட்டையாவது கண்ணில் காட்டுவார். இங்கே முகமே தெரியாதவனுக்கு முன்பணம்.

மினியாப்பொலிஸ்_மாமா

எங்கள் காலத்தில் வீடு மாற்றினால் நாலு நண்பர்கள் வருவார்கள், பீட்சா வாங்கிக் கொடுத்தால் போதும். இப்போது யாரைக் கூப்பிட்டாலும் முதுகு வலி.

பெல்வியூ_அக்கா

அவரவர் கதையைச் சொல்லியாயிற்று. இவருக்கு வியாழன் லாரி, இன்று திங்கள். (நானும் என் கதையில்தான் தொடங்கினேன், அழித்துவிட்டேன்.)

தம்பி, அந்தப் பணத்தை இன்று அனுப்பாதே. சாமான் உன் வீட்டுக்குள் இருக்கும்வரை பேச்சு உன் கையில். லாரியில் ஏறிவிட்டால் அவன் கையில்.

அவர்கள் அனுப்பிய பேப்பரில் யுஎஸ் டாட் எண் என்று ஒரு பதிவு எண் இருக்கும். மாநிலம் விட்டு மாநிலம் வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்கள் எஃப்எம்சிஎஸ்ஏ என்கிற மத்திய அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களுடைய சேஃபர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கேரியரா புரோக்கரா என்று காட்டும். வெறும் புரோக்கர் என்றால் லாரி அவர்களுடையது இல்லை, உன் வேலையை வேறு யாரிடமோ தள்ளிவிடுவார்கள். முதலில் பேசியவர் ஒருவர், நேற்றுப் பேசியவர் வேறு என்று நீயே எழுதியிருக்கிறாய், எனக்கு அங்கேயே இடித்தது. எண்ணே இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

அடுத்தது எஸ்டிமேட். அதில் பைண்டிங் என்று போட்டிருக்கிறதா, நான்-பைண்டிங் என்று போட்டிருக்கிறதா பார். பைண்டிங் என்றால் பட்டியலில் உள்ள சாமானுக்கு எழுதிய தொகைதான். நான்-பைண்டிங் என்றால் எடை பார்த்த பிறகு தொகை கூடலாம், ஆனால் இறக்கும்போது எஸ்டிமேட்டில் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டுச் சாமானைப் பிடித்துவைக்க முடியாது. 2,900 என்றால் 3,190. மீதிக்கு 30 நாள் கழித்துத்தான் பில் அனுப்பலாம். சாமான் கூடுதல் என்று நினைத்தால் ஏற்றுவதற்கு முன்பே புது எஸ்டிமேட் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், எழுதாமல் ஏற்ற ஆரம்பித்தால் பழையதையே ஒத்துக்கொண்டதாகத்தான் கணக்கு. இதெல்லாம் விதியில் இருக்கிறது. ஆனால் விதி உன் பக்கமும் சாமான் ஏதோ ஒரு கோடவுனிலும் இருந்தால், கர்ச்சீப் வாங்கக்கூடக் கடைக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் முதலிலேயே ஒதுங்கிக்கொள்வது மேல்.

கன அடிக்கு விலை சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. எடை என்றால் லாரியை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்தலாம், நீயும் கூடப் போய்ப் பார்க்கலாம். கன அடியை யார் அளப்பது? தளர்த்தி அடுக்கினால் 350 தானாக 500 ஆகிவிடும்.

இப்போது நீ சொல்லாதது: பேப்பரில் கையெழுத்துப் போட்டாயா? கம்பெனி பணம் தருகிறதா? வீட்டை என்றைக்குக் காலி செய்ய வேண்டும்? எத்தனை ரூம்? கார் உண்டா?

எடிசன்_புதுசு

ரொம்ப நன்றி அக்கா. ஒரு பெட்ரூம். 30ஆம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும், வேலை டிசம்பர் 8 முதல். கம்பெனி 6,000 டாலர் மொத்தமாகத் தருகிறது, ரசீது கேட்பதில்லை. ஒரு பழைய கொரோலா இருக்கிறது. மனைவிக்கு ஐந்தாம் மாதம், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டாக்குசைனில் எதிலோ கையெழுத்துப் போட்டேன், இப்போதுதான் திறந்து படித்தேன், மேலே "புரோக்கர்" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. முன்பணம் திரும்பக் கிடைக்க மூன்று வேலை நாள் முன்பே ரத்து செய்திருக்க வேண்டுமாம்.

ஓக்ட்ரீ_ரோடு

ஐந்தாம் மாதமா! கரூர்க்காரரே, பார்த்தீர்களா? லாரி ஓட்டச் சொன்னீர்களே.

டல்லாஸ்_கரூர்க்காரன்

சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்? வாபஸ். ஆனால் கொரோலாவை மூவர்ஸிடம் கொடுக்க வேண்டாம், அதற்கென்று கார் கேரியர்கள் தனி. மேலே திறந்த டிரெய்லர் போதும், மூடியது விலை அதிகம். டாங்கியில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வைக்காதீர்கள், டிக்கியில் சாமான் அடைக்காதீர்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நாலு பக்கமும் போட்டோ.

விசா_வழித்துணை

யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். எச்1பி வேலை விசாவா? அதே கம்பெனியா? அதே கம்பெனி என்றாலும் வேலை பார்க்கும் இடம் வேறு மெட்ரோ பகுதிக்கு மாறினால், அங்கே வேலையில் உட்காருவதற்கு முன்பே கம்பெனி திருத்த மனு தாக்கல் செய்திருக்க வேண்டும். 2015 முதல் இதில் கறார். எச்ஆரிடம் இன்றைக்கே மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். வீடு மாறிய பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் முகவரி மாற்றம், மனைவிக்குத் தனியாக. ஐ-797 (விசா மனு ஒப்புதல் தாள்), பாஸ்போர்ட், சம்பள ரசீது, டாக்டர் ரிப்போர்ட், நகை எதுவும் லாரிக்குப் போகக் கூடாது, தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும்.

பெல்வியூ_அக்கா

நல்லவேளை இவர் வந்தார்.

எழுத்தில் ரத்து அனுப்பி அந்த 900 டாலரைத் திரும்பக் கேள், ஆனால் ஸெல்லில் போன பணம் கிரெடிட் கார்டு மாதிரி இல்லை, மீட்பது கஷ்டம். அடுத்த முறை கார்டில் மட்டும். எஃப்எம்சிஎஸ்ஏவுக்குப் புகாரும் எழுது, எண் 1-888-368-7238. அந்த 900ஐக் காப்பாற்றப் போய் இன்னொரு 1,600ஐ விடாதே, அதுதான் அவர்களுடைய கணக்கு.

உனக்கு அவசரம் இல்லை, வேலை டிசம்பர் 8. கன்டெய்னர் எடு, காலிப் பெட்டகத்தை வாசலில் இறக்குவார்கள், நாம் ஏற்றியதும் அவர்களே கொண்டுபோவார்கள். யூபாக்ஸ் மாதிரி ஒன்று 257 கன அடி, 2,000 பவுண்டு வரை. ஒரு பெட்ரூமுக்கு இரண்டு தாராளம், கட்டிலையும் சோபாவையும் ஓக்ட்ரீக்காரர் சொன்னபடி விற்றுவிட்டால் ஒன்றே போதலாம். ஏற்ற மட்டும் மணிக்கணக்கில் இரண்டு ஆள் கிடைப்பார்கள். கன்டெய்னரை பார்க்கிங்கில் இறக்க அபார்ட்மென்ட் லீசிங் ஆபீஸில் முன்கூட்டியே கேள். இங்கே வீடு பார்க்கும்வரை அவர்கள் கோடவுனிலேயே வைக்கலாம், வாடகை உண்டு. நீங்கள் இருவரும் ஃபிளைட்டில் வாருங்கள், முதலில் பிரசவ டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டை அனுப்பி இடம் பிடியுங்கள், இன்சூரன்ஸில் இங்குள்ள ஆஸ்பத்திரி உண்டா என்று பாருங்கள்.

அந்த 6,000 சம்பளமாகத்தான் கணக்கில் வரும், வரி பிடித்து நாலாயிரத்துச் சொச்சம் கையில் நிற்கலாம். 2018 முதல் வீடு மாற்றும் செலவை வரியில் கழிக்கவும் முடியாது. வரியையும் சேர்த்துத் தருவீர்களா என்று எச்ஆரிடம் கேட்டுப் பார்.

மூவர்ஸ்தான் என்று முடிவு செய்தால், உடைந்தால் என்ன தருவார்கள் என்று பார். கூடுதலாக எதுவும் கட்டாத வகையில் பவுண்டுக்கு 60 சென்ட். 40 பவுண்டு டிவிக்கு 24 டாலர்! எனக்கு அப்படித்தான் வந்தது. ஏற்ற வந்தவர் ஒவ்வொரு பொருளிலும் கலர் ஸ்டிக்கர் ஒட்டி லிஸ்டில் எழுதினார், வாங்கி மூன்று மாதமான மேசைக்குக்கூட "கீறல், கீறல், முனை உடைசல்" என்று. நான் பக்கத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நிஜமாகவே உடைந்தபோது அந்த லிஸ்ட்டைத்தான் காட்டினார்கள். நாமே கட்டிய பெட்டிக்குப் பிபிஓ (பேக்டு பை ஓனர்) என்று எழுதுவார்கள், அதற்குள் உடைந்தால் பதில் சொல்லத் தயங்குவார்கள். இழப்பீடு கேட்க ஒன்பது மாதம் உண்டு.

எடிசன்_புதுசு

புதன் இரவு. அந்த எண்ணைத் தேடினேன், புரோக்கர் மட்டும்தான். ரத்து அனுப்பினேன், திரும்பத் திரும்ப போன், எடுக்கவில்லை. 900 போனது போனதுதான் என்று வைத்துக்கொண்டேன், புகார் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைக்கு இரண்டு கன்டெய்னர் சொல்லியாயிற்று. கட்டில் 80 டாலருக்குப் போனது, வந்தவர் திருநெல்வேலிக்காரர், பேரம் பேசவில்லை. எச்ஆர் திருத்த மனு இன்னும் தாக்கலாகவில்லை என்கிறது, நல்லவேளை கேட்டேன். பாத்திரம் கிடைத்துவிட்டது, புடவைப் பெட்டிக்குள் இருந்தது.

கடைசியாக ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரை அப்படியே பெட்டியில் வைக்கலாமா?

பெல்வியூ_அக்கா

வைக்காதே, குலுங்கினால் கல் டிரம்மை இடித்து உடைக்கும். உருளைக் கல்லைக் கழற்றித் தடித்த துண்டில் சுற்றிச் சின்னப் பெட்டியில் தனியாக வை. பெரிய பெட்டியில் கல்லைப் போட்டால் அடி பிய்ந்துவிடும். டிரம்முக்குள் பழைய துணியைத் திணி. அந்த இரண்டு பெட்டியையும் கன்டெய்னர் கதவுப் பக்கம் கடைசியாக ஏற்று, பாத்திரத்தையும் அதோடு.

மினியாப்பொலிஸ்_மாமா

கதவுப் பக்கம் கனமான பெட்டியைத் தரையில் வை, மேலே அடுக்காதே. திறக்கும்போது காலில் விழும். எனக்கு விழுந்தது.