புதுப்பிப்பு: கிளாரினெட் ரீட் கீச்சிடுவது பற்றி

முன்பு கேட்டது இதுதான்: கீழ் ஸ்வரங்களில் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) ஏன் கீச்சிடுகிறது? அதன் அடிப்பக்கத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன், லேசாக வளைந்திருந்தது. மவுத்பீஸில் (வாயில் வைத்து ஊதும் முனையில்) முழுதாகப் படியாமல் காற்று கசிந்திருக்கிறது. நைஸான உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தியதும் கீச்சு பெரும்பாலும் போய்விட்டது.

சரி, ‘ரீட்தானே சுருதியைத் தீர்மானிக்கிறது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ரீட் ஒரு வால்வு மாதிரி. வாயின் அழுத்தம் அதை மவுத்பீஸ் நுனியோடு சேர்த்து மூடப் பார்க்கும். குழாய்க்குள் போய்த் திரும்பும் அழுத்த அலைதான் எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும். பலமாக ஊதினால் ஒவ்வொரு சுற்றிலும் வழி முழுதாகவே அடைபடும். ரீட்டின் சொந்த அதிர்வெண் வாசிக்கும் ஸ்வரத்தைவிட மிக உயரம். கீழுதடு அதை அடக்கி வைக்கிறது. அந்தப் பிடி நழுவினாலும் கீச்சுதான். மிச்சமிருக்கும் கீச்சுக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும், உதட்டை மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும்.