அப்பாவிடம் இருப்பது நம்பிக்கையா, பிடிவாதமா?

கம்பத்துப் பொண்ணு:
எங்கள் வீடு கம்பத்தில். ஏலக்காய்த் தோட்டம் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறிப் போனால் கேரளத்து அணக்கரை பக்கம், 2 ஏக்கர். 2024 கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. ஏப்ரலில் நானும் அப்பாவும் போய்ப் பார்த்தபோது, செடியின் தண்டான தட்டையைப் பிடித்து இழுத்தால் வைக்கோல் மாதிரி கையோடு வந்தது. 800 தூரில் (ஒரு கிழங்கிலிருந்து கிளம்பும் செடிக்கூட்டம்தான் தூர்) பச்சை என்று கண்ணுக்குத் தெரிந்தது நூறுகூட இருக்காது. "நமக்கு ஏலமே ராசியில்லைப்பா, வித்துருவோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அப்பா பதில் பேசவில்லை. குத்துக்காலிட்டு ஒரு தூரின் மண்ணை விலக்கி, கிழங்கைக் கத்தி நுனியால் கீறிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. "இது பொழச்சுக்கும்." மறுநாள் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுவந்தார். இரண்டு நாளில், கிழங்கு உயிரோடு இருந்த 312 தூருக்கு அடையாளமாகத் துணி கட்டினார்.

அப்புறம் நகையை அடகு வைத்துக் காலி இடத்தில் மறுநடவு செய்தார். இப்போது படுதாக்குளம் (தண்ணீர் இறங்காமல் பிளாஸ்டிக் படுதா விரித்த குளம்) வெட்ட அம்மாவின் சங்கிலியைக் கேட்கிறார். வருசா வருசம் "அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்கிறார். நம்பிக்கை என்றால் இதுதானா? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆறு மணி ஜீப்:
தங்கச்சி, நான் பன்னிரண்டு வருசமாகக் கம்பம்மெட்டு ஏறிக் காய் எடுக்கப் போகிறவள். 2019 ஆகஸ்டில் இடுக்கி புற்றடியில் நடக்கிற ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது ஞாபகம் இருக்கா? அப்போது எங்கள் முதலாளி, இனி விலை இறங்காது என்று பக்கத்துத் தோட்டத்தையும் குத்தகைக்கு எடுத்தார். மூன்று வருசத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அவர் விலையை நம்பினார், உங்க அப்பா கிழங்கைக் கீறிப் பார்த்து நம்புகிறார். இரண்டும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

உடும்பன்சோலை:
மன்னிக்கணும் சகோதரி, நான் வேறு மாதிரி சொல்வேன். என் அப்பாவும் அழுகல் நோய் வந்த ஒவ்வொரு வருசமும் "அடுத்த வருசம்" என்றார். அம்மாவின் நகை மொத்தமும் மூழ்கிப்போனது. அவர் நல்ல மனிதர், உழைப்பாளி. எதுவரைக்கும் என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள், கோபப்பட்டாலும் பரவாயில்லை. ஒரு தொகை, ஒரு தேதி, இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

குமுளி வாத்தியார்:
மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கொடுமையான சோதனைதான். தடுக்கவே முடியாத மின்னதிர்ச்சி பட்டுப் பழகிய நாய்களில் பல, பிறகு தாண்டிப்போக வழி இருந்தும் அப்படியே படுத்துக் கிடந்தன. பின்னாளில் அவர் மனிதர்களின் பேச்சைக் கவனித்தார். துவண்டு போகிறவர் "எப்பவும் இப்படித்தான், எல்லாமே போச்சு" என்பார். நம்பிக்கை உள்ளவர் அதே கஷ்டத்தை "இந்த முறை, இந்த விஷயத்தில்" என்று சுருக்கிப் பார்ப்பார். அம்மா, நீங்கள் "ஏலமே ராசியில்லை" என்றீர்கள். அப்பா "இது பொழச்சுக்கும்" என்றார், ஒரு தூரைக் காட்டி. அடுத்த வெயிலுக்குத் தண்ணீர் பிடிக்கக் குளம் கேட்கிறவர், வெயில் வராது என்று நினைக்கிறவர் அல்ல. ஆனால் உடும்பன்சோலைக்காரர் கேட்கச் சொன்னதைக் கட்டாயம் கேளுங்கள்.

கம்பத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அப்பாவிடம் "எதுவரைக்கும்ப்பா?" என்று கேட்டேன். கோபப்படவில்லை. "துணி கட்டினதில் எத்தனை பொழச்சதுன்னு எழுதி வச்சிருக்கியா?" என்று திருப்பிக் கேட்டார். நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் இருவரும் எண்ணினோம். சேலைத் துணி பாதி மக்கிப்போயிருந்தது, ஆனாலும் அடையாளம் தெரிந்தது. 207 உயிரோடு இருக்கின்றன, சிலதில் காய் பிடிக்கிற சரம் விட்டிருக்கிறது. பாறைச் சரிவில் கட்டினது ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பா அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். "இங்கே இனிமே செடி வேண்டாம்" என்றார்.

சங்கிலி வேண்டாம், வளையல் மட்டும் என்று பேசி முடித்தோம். இந்தக் கடன் அடையாமல் அடுத்த கடன் கிடையாது. அதை அவரே நோட்டில் எழுதினார். குளம் அந்தப் பாறைச் சரிவில்தான், வெள்ளிக்கிழமை குழி எடுக்க ஆள் சொல்லியாச்சு. படுதா எந்த கனத்தில் வாங்கினால் கல் குத்தாமல் நிற்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.