தூர்த்த கிணற்றின் மேல் வீடு கட்டப் பார்த்தேன்

திருமங்கலத்திலிருந்து டி.கல்லுப்பட்டி போகும் வழியில் ஐந்து சென்ட் மனை வாங்கினேன். மேலே இரண்டடிக்குக் கிராவல் அடித்துச் சமமாக வைத்திருந்ததால் செவக்காட்டு நிலம் என்றே நினைத்துவிட்டேன். அந்தப் பக்கம் கரிசல் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற மண்ணைத்தானே நம்புகிறோம். கொத்தனார் அஞ்சடி தோண்டினால் போதும் என்றார். மனசு கேட்கவில்லை, மண் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டேன்.

துளை போட ஆட்கள் வந்தது நல்ல மே மாதம். துளைக்குள் ஒரு குழாயை வைத்து, அது மண்ணில் இறங்க 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு விட்டு அடிக்கிறார்கள். குழாய் இறங்கும் முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அடுத்த 30 இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எண். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 18 வந்தது. பரவாயில்லையே, கெட்டியாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட, இன்ஜினியர் தலையை ஆட்டினார். கோடையில் காய்ந்த கரிசல் அப்படித்தான் அடி வாங்குமாம், ஐப்பசி மழையில் ஊறியபின் அதே இடத்தில் அந்த எண் வராது. அதனால் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் இன்னொன்றை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒருநாள் வைத்தார்கள். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது, தண்ணீரில் உப்பும். எங்கள் மண் மண்ணெண்ணெயில் 10 மில்லி நின்றது, தண்ணீரில் 17. அதாவது 70 சதவீதம் உப்புகிறது. 50-ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரம் வேண்டாம் என்றார் அவர்.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயம் பரிசோதனையில் கிடைக்கவில்லை. துளை போடுவதைப் பார்த்துக்கொண்டு வேலிப் பக்கம் ஆடு மேய்த்த அப்பத்தா ஒருத்தர், "ஏப்பா, தெக்கு மூலைல கெணறு கெடந்துச்சே, அதத் தூத்துட்டுத்தானே பிளாட்டு போட்டாக, தெரியாதா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த மூலையில்தான் மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் வரைந்திருந்தோம். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, வாங்கிப் பார்த்தால் கிணறு குறித்தே இருக்கிறது, பத்திரம் முடிப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது.

மூன்றாவது துளையை அங்கேயே போடச் சொன்னேன். நான்கு மீட்டரில் எண் 2. குழாய்க்குள் செங்கல் துண்டு, சாக்கு, தேங்காய் மட்டை. மற்ற இரண்டு துளைகளில் மூன்று மீட்டருக்குக் கீழே சுக்கான் பாறை வந்து, 50 அடித்தும் 30 சென்டிமீட்டர் இறங்கவில்லை. அதே மனைதான், இருபது அடி தள்ளித்தான்.

வரைபடத்தை மாற்றி வீட்டை வடக்கே தள்ளினோம். அடியில் பல்பு மாதிரி விரியும் அண்டர்ரீம் பைல் என்கிற கான்கிரீட் தூண்களைச் சுக்கானில் உட்கார வைத்து, பீமுக்குக் கீழே மண் உப்பினாலும் முட்டாதபடி இடைவெளி விட்டோம். செலவு கூடத்தான் செய்தது, அதில் வருத்தமே இல்லை.

துளை போடுபவர்களுக்கு அந்த ஒரு சாண் வட்டம்தான் தெரியும். மனை பார்க்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் வயசானவர்களிடம் முதலில் கேளுங்கள், கிணறு இருந்ததா, ஓடை போனதா, கண்மாய்த் தண்ணீர் எதுவரை ஏறும் என்று. எங்கே துளை போடுவது என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம். கிணற்று மூலையில் இப்போது முருங்கை நிற்கிறது, அந்த அப்பத்தாவுக்குத்தான் முதல் காய் கொடுத்தேன்.